அத்தைக்கு ஒரு நாற்காலி

"ஏத்தா, ஒனக்கும் ஒங்க மாமியாருக்கும் ஏதும் மனஸ்தாபமா?"

எதிர்வீட்டுப் பெரியம்மா இப்படிக் கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தேவாரத்தில் நாங்கள் புது வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் நடத்தி மூன்று மாதம்கூட ஆகவில்லை. மேற்கே மலை, வாசலில் வேப்ப மரம், ஹாலில் பளபளவென்று சோபா செட். எல்லோரும் பாராட்டிவிட்டுப் போன வீடு. அந்த வீட்டில் மாமியார் மருமகள் சண்டையா?

"இல்லையே பெரியம்மா, ஏன் கேக்குறீங்க?"

"பின்ன என்னத்தா? யாரு வந்தாலும் ஒங்க அத்தை அடுப்படி வாசல்லயே நிக்கிறாக. ஹால்ல வந்து உக்கார மாட்டேங்கிறாக. ஊருல நாலு பேரு நாலு விதமாப் பேசுறாங்க."

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான்! புது வீட்டுக்கு வந்ததிலிருந்து அத்தை ஹால் பக்கமே வருவதில்லை. கொல்லைப்புறம் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருப்பார். "உள்ள வாங்க அத்தை" என்றால், "இருக்கட்டும்த்தா, இங்கதான் காத்து வருது" என்பார். பழைய வீட்டு மர பெஞ்சை எடைக்குப் போட்டதில் அவருக்குக் கோபம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் இரவு தண்ணீர் குடிக்க எழுந்து வந்தபோதுதான் விஷயம் புரிந்தது. இருட்டில் அத்தை சோபாவில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கப் பார்க்கிறார். கையை ஊன்றுகிறார், மெத்தை உள்ளே போகிறது, மறுபடி சரிகிறார். மூன்று தரம் இப்படி. ஓடிப்போய்க் கை கொடுத்தேன்.

"உக்காந்தா எந்திரிக்க முடியலத்தா. வீட்டுக்கு வந்தவுகள எந்திரிச்சு 'வாங்க'ன்னு கேக்காம உக்காந்தே இருந்தா மரியாதையா இருக்குமா? நாலு பேரு முன்னால 'என்னத் தூக்கி விடுங்க'ன்னு சொல்லவா? அதான் நின்னுகிட்டே இருந்துட்டேன்."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த சோபாவைக் கடையில் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவள் நான்தான். நிறம் பார்த்தேன், துணி பார்த்தேன், ஹாலுக்கு எடுப்பாக இருக்குமா என்று பார்த்தேன். அதில் உட்காரப் போகிறவரை மட்டும் பார்க்கவே இல்லை!

நாற்காலி பற்றி ஒரு பேச்சா?

சென்னையில் கட்டடக் கலை படிக்கும் என் மகளிடம் போனில் சொல்லி வருத்தப்பட்டேன். அவள் கேட்ட முதல் கேள்வி: "அம்மா, பாட்டி எப்படி உக்காருறாங்க, எப்படி எந்திரிக்கிறாங்கன்னு நீ என்னைக்காவது கவனிச்சிருக்கியா?"

இல்லை என்றேன். சில பேச்சுகளை போனுக்கு அனுப்பி வைத்தாள். மேஜை, நாற்காலி, கட்டில் வடிவமைக்கிற டிசைனர்கள் மேடையில் உட்கார்ந்து, எதிரே இருக்கிற கூட்டத்திடம் தங்கள் வேலையைப் பற்றிப் பேசுகிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. சினிமா நட்சத்திரம் பேசினால் கூட்டம் வரும். நாற்காலி செய்கிறவர் பேசினால் யார் வருவார்கள்?

ஆனால் பாத்திரம் கழுவி முடித்துவிட்டு ஒன்றைப் போட்டவள், மூன்றைப் பார்த்துவிட்டுத்தான் படுத்தேன். அவர்கள் தம் பெருமையைக் காட்டிலும் தம் தவறுகளைத்தான் அதிகம் பேசுகிறார்கள். முதலில் அட்டையில் செய்த மாதிரி எப்படிச் சரிந்தது, கால் எங்கே இடித்தது, எத்தனை தரம் மாற்றினோம் என்று படம் போட்டுக் காட்டுகிறார்கள். கூட்டத்திலிருந்து கேள்விகள் வருகின்றன. விலை ஏன் அதிகம், குழந்தை ஏறினால் கவிழாதா, வயதானவர்களுக்கு ஒத்துவருமா என்றெல்லாம் கேட்கிறார்கள். அவர்களும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

செய்கிறவரும் உட்காருகிறவரும் நேருக்கு நேர் பேசுவது என்பது எத்தனை நல்ல காரியம்! கடையில் நான் யாரிடம் கேட்டேன்? விற்பவருக்குச் செய்தவரைத் தெரியாது. செய்தவருக்கு என் அத்தையைத் தெரியாது.

பாண்டிச்சேரியில் செய்த முதல் மரச் சாமான்

அந்தப் பேச்சுகளில் அடிபட்ட பெயர்களை மகளிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவற்றில் ஒன்று நம் பாண்டிச்சேரியோடு சம்பந்தப்பட்டது.

ஜார்ஜ் நகஷிமா, அமெரிக்காவில் 1905ல் பிறந்த ஜப்பானிய வம்சாவளிக்காரர். கட்டடக் கலை படித்தவர். ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்துக்காக 'கோல்கொண்டே' என்ற விடுதியைக் கட்டும் வேலையை மேற்பார்வை பார்க்க 1937ல் பாண்டிச்சேரிக்கு வந்தார். வந்த இடத்தில் ஆசிரமவாசியாகவே ஆகிவிட்டார். சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். 'சுந்தரானந்தா' என்ற பெயரும் அவருக்குக் கிடைத்தது. அந்த விடுதி அறைகளுக்காகத் தேக்கில் எளிமையான மரச் சாமான்களை வடிவமைத்தார். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற அந்தத் தச்சுக் கலைஞரின் தொடக்கம் நம் கடற்கரை ஊரில்தான் என்றால் ஆச்சரியம்தானே?

1939ல் அவர் கிளம்பிப் போனார். இரண்டாம் உலகப் போரின்போது, ஜப்பானிய வம்சத்தவர் என்ற ஒரே காரணத்துக்காக 1942ல் மனைவியோடும் கைக்குழந்தையோடும் முகாமில் அடைக்கப்பட்டார். மனம் ஒடிந்து போகவில்லை. அதே முகாமில் இருந்த ஒரு ஜப்பானியத் தச்சரிடம் பழைய முறைப்படி மரம் இணைக்கும் வேலையைக் கற்றுக்கொண்டார். வெளியே வந்த பிறகு பட்டறை போட்டார். பலகையில் விரிசல் இருந்தால் அவர் தூக்கி எறிய மாட்டார். வண்ணத்துப்பூச்சி வடிவில் சிறு கட்டை செதுக்கி, விரிசலின் குறுக்கே பதித்து, அதையே அழகாக்கிவிடுவார். 1964ல் ஆமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகத்துக்கு வந்து, அங்கேயும் நாற்காலி, மேஜைகளை வடிவமைத்துக் கொடுத்தார். 1990ல் காலமானார். கைக்குழந்தையாக முகாமுக்குப் போன மகள் மீராதான் பின்னர் அந்தப் பட்டறையை ஏற்று நடத்தினார்.

சொம்பைப் பார்த்து வியந்தவர்கள்

ஆமதாபாத் கழகம் உருவானதற்குப் பின்னாலும் ஒரு கதை உண்டு. சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்கத் தம்பதியர் நாற்காலி வடிவமைப்பில் பெரும் பெயர் பெற்றவர்கள். நமது அரசாங்கத்தின் அழைப்பின் பேரில் இந்தியாவைச் சுற்றிப் பார்த்து 1958ல் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அதையொட்டித்தான் 1961ல் அந்தக் கழகம் தொடங்கப்பட்டது.

நம் நாட்டில் பார்த்த பொருள்களிலேயே அவர்கள் மிகவும் வியந்து எழுதியது எதைத் தெரியுமா? நாம் தினமும் கையில் எடுக்கும் சொம்பைத்தான்! இடுப்பில் வைத்தால் எப்படி நிற்கிறது, தலையில் வைத்தால் எப்படி, ஊற்றும்போது விளிம்பு எப்படி உதவுகிறது, நிறைந்திருக்கும்போது பாரம் எப்படி, காலியாக இருக்கும்போது எப்படி, கழுவ வசதியா, என்ன விலை என்று கேள்வி மேல் கேள்வியாக அடுக்கினார்கள். தனி ஒருவர் வடிவமைத்ததல்ல, பல தலைமுறைகள் சேர்ந்து வடித்த பொருள் என்றார்கள்.

படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. ஒரு சொம்புக்கு இத்தனை கேள்வி கேட்டிருக்கிறார்கள். பல ஆயிரம் ரூபாய் சோபாவுக்கு நான் ஒரு கேள்வியாவது கேட்டேனா?

"தலையணை தைக்கும் வேலை இல்லை"

பெண்கள் இந்தத் துறையில் பட்ட பாட்டையும் சொல்லத்தான் வேண்டும். பிரெஞ்சுப் பெண் ஷார்லோட் பெரியான் 1927ல், தம் இருபதுகளில், பாரிஸில் புகழோடு இருந்த லெ கார்பூசியேயிடம் வேலை கேட்டுப் போனார். இங்கே தலையணைக்குப் பூவேலை செய்வதில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டாராம் அவர். கொஞ்ச நாளில் ஒரு கண்காட்சியில் அந்தப் பெண் வடிவமைத்துப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருந்த அறையைப் பார்த்ததும் மனம் மாறி, அவரையே கூப்பிட்டு வேலை கொடுத்தார். சபையில் வைத்த பிறகுதான் திறமை கண்ணுக்குத் தெரிந்தது! கார்பூசியே, அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் பியர் ஜான்னரே, பெரியான் மூவரும் சேர்ந்து உருவாக்கிய சாய்வு நாற்காலி இன்றும் உலகப் பிரசித்தம்.

அந்த ஜான்னரேதான் 1951ல் சண்டிகர் நகரத்தை அமைக்க வந்து, 1965 வரை அங்கேயே இருந்தவர். அரசு அலுவலகங்களுக்காக அவர் குழு வடிவமைத்த தேக்கு நாற்காலிகளை உள்ளூர்த் தச்சர்கள் செய்தார்கள். உட்காருமிடத்தில் பிரம்புப் பின்னல், காற்று புகுந்து போகும். அந்தக் குழுவில் இருந்த யூலி சௌத்ரி நம் நாட்டுப் பெண்மணி. கட்டடக் கலைஞரான அவர் மரச் சாமான்கள் வடிவமைப்பிலும் பங்கு கொண்டவர். பழசாகிவிட்டது என்று மூலையில் குவித்து, கழிவு விலைக்கு ஏலம் போட்ட அதே நாற்காலிகள் பின்னாளில் வெளிநாட்டு ஏலங்களில் லட்சக்கணக்கில் விலை போயின. எங்கள் வீட்டு மர பெஞ்சை எடைக்குப் போட்டது நினைவுக்கு வந்து பெருமூச்சு விட்டேன்!

எங்கள் வாசலிலும் ஒரு சபை

இத்தனையும் தெரிந்துகொண்டு சும்மா இருக்கலாமா? எங்கள் தெருக்கோடியில் இருக்கும் ஆசாரி அண்ணனைக் கூப்பிட்டு அனுப்பினேன்.

அந்தக் காலத்தில் கல்யாணத்துக்குக் கட்டில் செய்வதென்றால் ஆசாரி வீட்டுக்கே வந்துவிடுவார். வாசலில் பந்தல் போட்டு நாள் கணக்கில் வேலை நடக்கும். இழைப்புளி ஓடும்போது சுருள் சுருளாக விழும் மரச்சீவலைப் பொறுக்கச் சிறுபிள்ளைகள் சுற்றி நிற்கும். "காலைக் கொஞ்சம் ஒசரமா வையப்பா" என்று திண்ணையிலிருந்து தாத்தா சொல்வார். யோசித்துப் பார்த்தால், டிசைனர்கள் இன்று மேடை போட்டு நடத்துவதை நம் வாசலில் அன்றே நடத்தியிருக்கிறோம். கடையில் ரெடிமேடாக வாங்கத் தொடங்கியதும் அந்தப் பேச்சு நின்றுபோனது. அந்த வாசல் பேச்சிலும்கூட, "ஒனக்கு எப்படி வேணும்?" என்று வீட்டுப் பெண்களைக் கேட்டவர்கள் குறைவு.

ஆசாரி அண்ணன் வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். அவர் நாடாவை எடுக்கவில்லை. "அக்கா, ஒருக்கா உக்காந்து எந்திரிங்க, பாப்போம்" என்றார். என் மகள் போனில் சொன்ன அதே வார்த்தை!

வாசல் வேப்ப மரத்தடியில் இரண்டு பக்கமும் செங்கல் அடுக்கி மேலே பலகை போட்டார். அத்தை உட்கார்ந்தார். எழ முடியவில்லை. பலகையின் அடியில் மெல்லிய சட்டம் வைத்து உயர்த்தினார். மறுபடி உட்காரச் சொன்னார். இன்னொரு சட்டம். அதற்குள் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள்.

"கைப்பிடி வேணும்ண்ணே, ஊனி எந்திரிக்க."

"கைப்பிடி முன்னால நீட்டி இருக்கணும். பின்னால இருந்தா என்ன பிரயோசனம்?"

"ரொம்ப ஒசத்தாதீங்க, காலு தொங்கும். பஸ்சுல தொங்குற மாதிரி மரத்துப் போகும்."

எதிர்வீட்டுப் பெரியம்மா தம் பங்குக்கு, "அடியில பலகை வச்சு அடைச்சுறாதீங்கப்பா. எந்திரிக்கும்போது பாதத்த உள்ள இழுத்தாத்தான் மேல வர முடியுது" என்றார். ஆசாரி அண்ணன் தலையை ஆட்டினார். "அதான் சூட்சுமம் தாயி. ஒங்க சோபாவுக்கு முன்பக்கம் அடைப்பு. பாதம் உள்ள போகாது. பாதம் முட்டிக்குப் பின்னால போனாத்தான் ஒடம்பு முன்னால வரும்."

அத்தையிடம் அத்தனை பேர் கருத்துக் கேட்டு நான் பார்த்தது அன்றுதான். "இன்னும் கால் இஞ்ச் கொறைங்க தம்பி" என்று அவர் அதிகாரமாகச் சொன்னபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பழைய மாட்டுக் கொட்டகையில் கிடந்த பூவரசம் பலகை நன்றாகக் காய்ந்திருந்தது. அதையே எடுத்துக்கொண்டார். ஓரிடத்தில் விரிசல். நகஷிமாவின் வண்ணத்துப்பூச்சிக் கட்டையைப் பற்றிச் சொன்னேன். "கதவுப் பலகை விரிஞ்சா நாங்களும் குறுக்க கட்டை பதிப்போம் தாயி. அவரு கொஞ்சம் அழகாப் பதிச்சிருக்காரு" என்று சிரித்தார். கால்களில் துளையிட்டு, சட்டங்களின் நாக்கை அதில் இறக்கி, மரமுளை அடித்தே இணைத்தார்.

அளவெடுக்கலாம், வாருங்கள்

சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் நாற்காலி செய்வதாக இருந்தாலும், கடையில் வாங்குவதாக இருந்தாலும் கீழ்க்கண்டவற்றை மறவாதீர்கள்:

உயரம்: பாதம் தரையில் முழுவதும் படியும்படி உட்காரவைத்து, தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளந்துகொள்ளுங்கள். சாதாரணமாக அதுவே இருக்கையின் உயரம். மூட்டுவலிக்காரர்களுக்கு ஓர் அங்குலம் அல்லது ஒன்றரை அங்குலம் கூட்டலாம். அத்தைக்கு அளவு பதினைந்தரை. பதினேழு அங்குலத்தில் செய்தோம். நெடுநேரம் உட்காரும்போது காலுக்கடியில் வைத்துக்கொள்ள ஒரு மணைப்பலகையும் உண்டு. கால் தொங்கினால் தொடையின் அடிப்பக்கம் அழுந்தி மரத்துப் போகும், பாதமும் வீங்கும்.

ஆழம்: முதுகு சாய்ந்திருக்கும்போது இருக்கையின் விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். எங்கள் சோபாவின் ஆழம் இருபத்து நாலு அங்குலம். அத்தை சாய்ந்தால் கால் எட்டாது, கால் எட்டினால் சாய முடியாது!

கைப்பிடி: இருக்கையிலிருந்து எட்டு ஒன்பது அங்குல உயரத்தில், முன்விளிம்பு வரை நீண்டு, கைக்குப் பிடிமானமாக இருக்க வேண்டும். கையை ஊன்றி எழுந்தால் மூட்டின் மேல் விழும் பாரம் குறையும்.

அடிப்பக்கம்: பாதத்தைப் பின்னுக்கு இழுக்க இடம் திறந்திருக்கட்டும். முன்விளிம்பை உருட்டி இழைக்கச் சொல்லுங்கள்.

எழும் முறை: முதலில் விளிம்புக்கு நகர்ந்து வர வேண்டும். பாதங்களைப் பின்னுக்கு இழுத்து, உடம்பை முன்னால் சாய்த்து, கைப்பிடியை ஊன்றி எழ வேண்டும். பார்த்துப் பழகிக்கொண்டால் சுலபம்.

ஒரே இடத்தில் மணிக்கணக்கில் உட்காருவது எந்த நாற்காலியிலும் நல்லதல்ல. அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நாலடி நடக்க வேண்டும். மூட்டில் வீக்கமோ தொடர்ந்த வலியோ இருந்தால் நாற்காலியை மட்டும் நம்பாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

நம்ம ஊர் இலவம் பஞ்சு

நாற்காலிக்கு மெத்தை? அதற்கு எங்கள் தேனிச் சீமையில் பஞ்சமில்லை! போடி, தேவாரம் பக்கத்து மலையடிவாரத்தில் இலவ மரங்கள் நிறைய உண்டு. 'இலவு காத்த கிளி' ஏமாந்தாலும் நாங்கள் ஏமாறுவதில்லை. காய் வெடித்தால் பஞ்சு எங்களுக்குத்தான். இந்தப் பஞ்சின் இழை உள்ளே குழல்போல வெற்றிடமானது. அதனால்தான் இத்தனை லேசு. தண்ணீரையும் எளிதில் உறிஞ்சாது. இதை ஒரு காலத்தில் கப்பல்களில் உயிர்காப்பு அங்கிகளுக்குள் அடைத்திருக்கிறார்கள்.

இருக்கைக்கான மெத்தையை ஒன்றரை அங்குலத்துக்கு மேல் போகாமல் கெட்டியாக அடைக்கச் சொல்லுங்கள். புசுபுசுவென்றிருந்தால் உட்கார்ந்ததும் அமுங்கி, நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த உயரம் குறைந்துவிடும். மாதம் ஒரு நாள் வெயிலில் போடுங்கள். ஈரம் பட விடாதீர்கள். பஞ்சு அடைக்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் பக்கத்திலேயே இருக்கக் கூடாது.

நாற்காலி முடிந்து ஹாலில் வந்து அமர்ந்தது. சோபாவுக்குப் பக்கத்தில் நிறம் ஒத்துப் போகவில்லைதான். "மேட்ச் ஆகலையே" என்று உறவுக்காரப் பெண் ஒருத்தி சொல்லவும் செய்தாள். எனக்கு வருத்தமே இல்லை.

போன வெள்ளிக்கிழமை எதிர்வீட்டுப் பெரியம்மா வந்தார். நான் அடுப்படியில் இருந்தேன். ஹாலிலிருந்து கைப்பிடியில் வளையல் உரசும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அத்தை யார் கையையும் பிடிக்காமல் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"வாங்க மதினி, வாங்க. உக்காருங்க" என்றார்.